மூணு வருசமா லேசர் கண்ணாடி மாட்டுறேன், வாங்கப் போறவங்களுக்கு என் அனுபவம்

திருநகர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல ஒரு லேசர் என்கிரேவர் ஓடிக்கிட்டு இருக்கு, 2022 கடைசில வாங்குனது, நீல டயோடு, அலைநீளம் 450 நானோமீட்டர், 10 வாட். பொழுதுபோக்காத்தான் ஆரம்பிச்சேன், இப்ப சீர் பாத்திரத்துல பேர் வெட்டித் தர்றது, தேக்குப் பலகைல வீட்டுப் பேரு, கீசெயின்னு வாரத்துல நாலஞ்சு நாள் வேலை வந்துருது. மிஷினப் பத்தி வேணுங்கிற அளவுக்கு எல்லாரும் பேசிட்டாங்க. லேசர்லேருந்து கண்ணைக் காப்பாத்த மாட்டுற கண்ணாடியப் பத்தி தமிழ்ல யாரும் வெவரமா சொல்லி நான் பாக்கல, அதான் எழுதுறேன்.

மிஷின் டப்பாவுக்குள்ளயே ஒரு பச்சைக் கண்ணாடி இருந்துச்சு. இருக்குல்லன்னு அதையே மாட்டி ரெண்டு மாசம் வேலை பாத்தேன். ஆனா அது வழியா பாத்தாலும் லேசர் படுற எடம் பளிச்சுன்னு தெரியும், வேலை முடிஞ்சா நெத்திப்பொட்டு வலிக்கும், உத்துப் பாக்குறதால வலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு நாள் சந்தேகம் வந்து, மிஷின ஒரு சதவீத பவர்ல வச்சு, லேசருக்குக் கீழ அந்தக் கண்ணாடி, அதுக்குக் கீழ ஒரு வெள்ளை அட்டைன்னு வச்சுட்டு, போன் கேமராவ ஸ்டாண்டுல மாட்டி, நான் வெளிய வந்து கதவைச் சாத்திட்டு ஓட விட்டேன். வீடியோவப் பாத்தா அட்டைல நீலப் புள்ளி அப்படியே விழுது. நடுவுல கண்ணாடி இருக்கிற மாதிரியே இல்ல. ரெண்டு மாசமா அதை நம்பி உக்காந்திருக்கேன்னு நெனைக்கவும் அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. திருப்பிப் பாத்தா ஃப்ரேம்ல, லென்ஸ்ல எங்கயும் ஒரு நம்பர் கூட அடிக்கல. (இந்தச் சோதனைல தேறுற கண்ணாடி நல்ல கண்ணாடின்னு அர்த்தம் இல்ல, அவ்வளவு கொஞ்ச பவர்லயே புள்ளி விழ விடுற கண்ணாடிய ஒதுக்கலாம், அம்புட்டுதான்.)

பழங்காநத்தத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்க அண்ணன்கிட்ட கேட்டேன். "தம்பி, வெல்டிங் கிளாஸ் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஆர்க்கையே தாங்குது, இதைத் தாங்காதா"ன்னாரு. என் மேல உள்ள அக்கறைலதான் சொன்னாரு, பல பேரு இதைத்தான் சொல்லுவாங்க, ஆனா வேணாம். வெல்டிங் கிளாஸ் நாலாபக்கமும் பரவுற வெளிச்சத்தக் கொறைக்கச் செஞ்சது, லேசர் மொத்தச் சக்தியையும் ஊசி மொனை மாதிரி ஒரே எடத்துல எறக்கும், அதைத் தாங்குமான்னு அந்தக் கண்ணாடிய யாரும் சோதிச்சுப் பாத்து நம்பர் போடல. அதோட அவ்வளவு இருட்டுல வேலையே தெரியாது, தெரியலன்னதும் கை தானா அதைத் தூக்கிரும், ஆபத்தே அந்த நேரத்துலதான்.

இருட்டா இருக்கா, பச்சையா இருக்கா, ஆரஞ்சா இருக்காங்கிறத வச்சு வாங்கவே கூடாது. லேசர் ஒரே ஒரு அலைநீளம், அந்த அலைநீளத்த எவ்வளவு நிறுத்துதுன்னு கண்ணாடிலயே அச்சடிச்சிருக்கணும், அதைத்தான் ஓடி (OD, ஆப்டிக்கல் டென்சிட்டி)ன்னு போடுவாங்க. ஓடில ஒவ்வொரு நம்பர் ஏற ஏற உள்ள வர்றது பத்துல ஒரு பங்காக் கொறையும். என் மிஷின் 10 வாட்டு, அதாவது 10,000 மில்லிவாட்டு. ஓடி 4 போட்டா 1 மில்லிவாட்டு உள்ள வரும். கண்ணுல பட்டதும் கால் செகண்டுல நாம இமைய மூடிருவோம்ல, அந்தக் கால் செகண்டுக்குக் கண்ணு தாங்குறது சுமாரா அந்த 1 மில்லிவாட்டுதான். ஆக ஓடி 4ங்கிறது விளிம்புல நிக்கிற மாதிரி. நான் ஓடி 6 வாங்குனேன், 0.01 மில்லிவாட்டுதான் வரும். கணக்குப் போடுறப்ப உங்க மிஷினோட வெளிச்சம் எத்தனை வாட்டுன்னு பாருங்க, டப்பால பெருசாப் போட்டிருக்க 40, 80 எல்லாம் பல மிஷின்ல கரண்டு இழுக்குற அளவு.

இன்னொண்ணு ஈஎன் 207ங்கிற ஐரோப்பியத் தரம். ஓடி வெளிச்சம் எவ்வளவு கொறையுதுன்னு மட்டும்தான் சொல்லும், 207ல லேசர் நேரா பட்டா அஞ்சு செகண்டு அந்தக் கண்ணாடி தாங்குதான்னும் சோதிப்பாங்க. டி (D)ங்கிற ஒரு எழுத்து, அலைநீளம், அப்புறம் எந்த அளவு தாங்கும்னு காட்டுற எல்பி5 (LB5), எல்பி6ன்னு ஒரு நம்பர் இருக்கும், டிங்கிற எழுத்துன்னா விட்டுவிட்டு அடிக்காம தொடர்ந்து வர்ற லேசருக்கு. ஈஎன் 208ன்னு இருந்தா அது வேற, புள்ளி லேசாத் தெரியணும்னு வச்சு லேசர நேர் பண்றவங்களுக்குச் செஞ்சது, அதை இதுக்கு வாங்கிராதீங்க. சிஇ (CE)ங்கிற ஐரோப்பிய முத்திரை மட்டும் பாத்தும் ஏமாற வேணாம்.

சரி, மாட்டுன கதைக்கு வர்றேன். நாலாயிரத்து இருநூறு ரூபா ஆச்சு, ஆரஞ்சு கலர், பாலிகார்பனேட், 190லேருந்து 490 வரைக்கும் ஓடி 6ன்னு லென்ஸ் ஓரத்துலயே இருக்கு. நான் பவர் கண்ணாடி போடுறவன், அதனால அதுக்கு மேல மாட்டுற மாதிரி பெருசா எடுத்தேன், ஆனா மொத வாங்குனது மூக்குப் பக்கம் விரல் நொழையுற அளவுக்குச் சந்து விட்டுச்சு, பக்கவாட்டுல தெறிச்சு வர்றது அங்கிட்டுக் கூடி நேரா உள்ள வந்துரும், திருப்பிக் குடுத்து வேற அளவு எடுத்தேன். பவர் கண்ணாடி போடுறவங்க மாட்டிப் பாத்து வாங்க முடிஞ்சா அப்படி வாங்குங்க. மாட்டுனதும் நீலம் எல்லாம் கருப்பா மாறிரும், மிஷின்ல உள்ள நீல லைட்டு எரியுதா அணைஞ்சிருக்கான்னே தெரியாது, நான் பக்கத்துல ஒரு சிவப்பு லைட்டு தனியா வச்சுக்கிட்டேன்.

நம்ம ஊரு வெயில்தான் பெரிய சோதனை. அக்னி நட்சத்திரத்துல மாடி ரூம்ல அரை மணி நேரத்துல வேர்வை கண்ணுக்குள்ள எறங்கும், ஸ்ட்ராப் வேர்வைல ஊறி ஒரே வருசத்துல தொங்கிப் போச்சு. ஐப்பசி மழைக்கு உள்பக்கம் ஆவி படிஞ்சுரும். ஆவி படிஞ்சா கழட்டித் தொடைக்கத் தோணும், மிஷின நிறுத்திட்டுத்தான் கழட்டணும்னு ஒரு பழக்கம் வச்சுக்கங்க, எனக்கு அது கைக்கு வர ஆறு மாசம் ஆச்சு. தொடைக்கிறதுக்கு சோப்புத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும், தின்னர் கிட்டயே கொண்டு போகாதீங்க, பாலிகார்பனேட் விரிசல் விட்டுரும். சன்னலோரம் வெயில்ல போட்டு வைக்காதீங்க, சாயம் வெளுக்கும். 2024ல ஒரு எவர்சில்வர் வாளி மேல விழுந்து லென்ஸ்ல நகம் மாட்டுற அளவுக்குக் கீறல், அன்னைக்கே அதை ஒதுக்கிட்டுப் புதுசு வாங்கிட்டேன். காசு போச்சுன்னு மனசு கேக்கலதான், ஆனா கீறுன லென்ஸ நம்பி உக்கார முடியாது.

எவர்சில்வர்னதும் சொல்லணும். மரத்துல வேலை பாக்குறப்ப இருந்த தைரியம் பாத்திரத்துல இருக்கக் கூடாது. டம்ளர் வளைவு எந்தப் பக்கம் திருப்பி அடிக்கும்னு சொல்லவே முடியாது, 10 வாட்டெல்லாம் லேசர் ஆபத்து வரிசைல உச்சமான நாலாம் வகுப்பு (கிளாஸ் 4), சொரசொரப்பான எடத்துல பட்டுச் சிதறி வர்ற வெளிச்சமே பக்கத்துல இருந்தா கண்ணைக் கெடுக்கும். ஒரு சாயங்காலம் நான் கண்ணாடி மாட்டிக்கிட்டு டம்ளர்ல பேர் வெட்டிக்கிட்டு இருக்கேன், "அப்பா, அம்மா காப்பி குடிக்க வரச் சொன்னாங்க"ன்னு கொரல் கேக்குது, திரும்புனா பாப்பா வாசப்படில நின்னு அந்த நீல வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. மெயின் சுவிட்ச அடிச்சு அணைச்சேன், கை நடுங்கிருச்சு. மறுநாளே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ரெட்டினா, அதாவது விழித்திரை பாத்தோம், ஒண்ணும் இல்லன்னு சொன்ன பெறகுதான் உசுரு வந்துச்சு. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸே நம்ம மதுரைல ஆரோலேப்ல செய்யறாங்க, 1992ல ஆரம்பிச்சது, புரை விழுந்தா அந்த லென்ஸ வச்சு பார்வையக் குடுத்துருவாங்க. ரெட்டினா வெந்து போச்சுன்னா அந்த எடத்துல மாத்தி வைக்க எதுவும் கெடையாது. அதுல வலி தெரியுற நரம்பும் இல்ல, பட்டதே தெரியாமப் போயிரும்.

அன்னைலேருந்து உள்பக்கம் தாப்பா போடாம மிஷின ஓட விடுறதில்ல. மிஷினுக்கு ஒரு பெட்டி அடிச்சு, பாக்குறதுக்கு 450க்குன்னு விக்கிற ஆரஞ்சு அக்ரிலிக் போட்டேன், உள்ள ஒரு சின்ன கேமரா. பாதி நேரம் இப்ப கேமராலதான் பாக்குறேன், அப்பவும் கண்ணாடி மூஞ்சில இருக்கும். வர்றவங்களுக்குன்னு அதே நம்பர்ல ரெண்டாவது கண்ணாடியும் வாங்கி வச்சாச்சு.

போன தையில மேலூர்ல இருக்க என் மச்சினன் ரெண்டு தலை உள்ள மிஷின் வாங்குனான், ஒண்ணு நீலம், ஒண்ணு 1064 நானோமீட்டர் இன்ஃப்ராரெட். "மாமா, ஒங்ககிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு குடுங்க"ன்னான். கண்ணாடி ஓரத்தக் காட்டி, "மாப்ள, 490ஓட நிக்குது பாரு, 1064 இதுல எங்கடா இருக்கு"ன்னு கேட்டேன். 1064 கண்ணுக்கே தெரியாது, தெரியாததால இமையும் மூடாது, ஆனா ரெட்டினா வரைக்கும் போயி கூர்மையா விழுகும், ஆரஞ்சுக் கண்ணாடி அப்படியே உள்ள விட்டுரும். அவனுக்கு 1064 போட்ட கண்ணாடி தனியா வாங்குனோம், கிட்டத்தட்ட நெறமே இல்லாம லேசாப் பச்சையா இருக்கு, "இதுவா தடுக்கும்"னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருந்தான். அவன் ரூம் கதவுக்குப் பக்கத்துல ரெண்டு ஆணி அடிச்சு, ஒண்ணுக்கு மேல நீலம்னும் இன்னொண்ணுக்கு மேல 1064ன்னும் பெயிண்ட்ல எழுதி நானே மாட்டி விட்டு வந்தேன்.