பிரேமோடு வாங்குவதா, படத்தை மட்டும் வாங்குவதா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று படங்கள் தொங்குகின்றன. ஒன்று, மயிலாப்பூர் தெப்பக்குளத்தைக் காலை வெயிலில் வரைந்த நீர்வண்ண ஓவியம். ஒரு கண்காட்சியில் பிரேம் போட்டபடியே வாங்கியது. அடுத்தது, பெங்களூரு குமாரகிருபா சாலையில் ஜனவரிதோறும் நடக்கும் சித்ர சந்தையில், வரைந்தவர் கையிலிருந்தே தாளாக வாங்கி வந்து இங்கே பிரேம் போட்டது. மூன்றாவது, காரைக்குடிப் பழம்பொருள் கடையில் தேக்குச் சட்டத்தோடு எடுத்த சரஸ்வதி அச்சுப்படம்.

இந்த மூன்றும் கற்றுக்கொடுத்ததை வைத்துச் சொல்கிறேன். தாளில் வரைந்த படமென்றால் இனிமேல் நான் பிரேம் இல்லாமல்தான் வாங்குவேன். பிரேமோடு வாங்கியே ஆக வேண்டுமென்றால், பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சம்மதிக்கிறவரிடம் மட்டும் வாங்குவேன்.

பிரேமோடு வாங்குவதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. அன்றைக்கே ஆணி அடித்து மாட்டிவிடலாம். சுவரில் எப்படி இருக்கும் என்று கடையிலேயே தெரிந்துவிடும். செலவும் பெரும்பாலும் குறைவு, ஏனென்றால் ஓவியர்கள் பத்து இருபது படத்துக்கு மொத்தமாகப் பிரேம் போடுகிறார்கள். எனக்குத் தெப்பக்குளம் பிரேமோடு சேர்த்து 8,500 ரூபாய் ஆயிற்று. பெங்களூருப் படம் தாளாக 6,000, அதற்குப் பிரேம் 3,400. ஏறக்குறைய ஒரே அளவுப் படங்கள், இரண்டுமே அரைத்தாள், அதாவது 15க்கு 22 அங்குலம். கொண்டு வருவதில் மட்டும் தாள் சுலபம். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ரயிலில் பெர்த்துக்கு அடியில் செருகிக்கொண்டு வந்தேன். கண்ணாடி போட்ட படத்தை அப்படிக் கொண்டுவர முடியாது.

ஆனால் வசதி, விலை, போக்குவரத்து இவற்றை வைத்து முடிவெடுத்தால் நான் செய்த தவறையே செய்வீர்கள். முடிவெடுக்க வேண்டிய இடம் படத்தின் முதுகு.

தெப்பக்குளம் வீட்டுக்கு வந்து இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு நாள் துடைக்கும்போது, படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை மவுண்ட் அட்டையின் வெட்டு விளிம்பு பழுப்பேறியிருந்ததைக் கவனித்தேன். வானம் வரைந்திருந்த இடத்தில் தேநீர்த் துளி தெறித்தாற்போல நான்கைந்து புள்ளிகள். துடைத்தால் போகவில்லை, கண்ணாடிக்கு உள்ளே இருந்தன. திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியிலிருக்கும் செருப்பே பூசணம் பிடிக்கும். அதனால் முதலில் ஈரத்தையே குறை சொன்னேன்.

எங்கள் தெருமுனையில் பிரேம் கடை வைத்திருப்பவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் எடுத்துப் போனேன். படத்தைக் கவிழ்த்து வைத்து, ஓரத்துப் பழுப்பு டேப்பைக் கிழித்து, சின்ன ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பின்பக்க ஹார்டுபோர்டைத் தூக்கினார். உள்ளே சாதாரண அட்டை. ஓவியத் தாளின் முதுகு முழுவதும் வெள்ளைப் பசை தடவி அந்த அட்டையில் ஒட்டியிருந்தார்கள். "சார், இதைப் பிரிக்க முடியாது. பிரிச்சா பெயின்டிங்கும் சேர்ந்து வரும்" என்றார். அவ்வளவுதான்.

இதில் நடப்பது என்னவென்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மரக்கூழில் செய்த மலிவு அட்டையிலும் ஹார்டுபோர்டிலும் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கும். செய்தித்தாள் பழசானால் மஞ்சளாகி நொறுங்குவதற்குக் காரணமும் அதுதான். நாளாக ஆக அதிலிருந்து அமிலம் வெளிப்பட்டு, தொட்டுக்கொண்டிருக்கும் தாளுக்குள் ஏறும். ஓவியர் நல்ல பருத்தித் தாளில் வரைந்திருந்தாலும் பயனில்லை, பக்கத்திலிருக்கும் அட்டை அதைக் கெடுத்துவிடும். ஈரம் அந்த வேலையை வேகப்படுத்தும். பசை பூச்சியைக் கூப்பிடும். வெள்ளிப்பூச்சிக்கு மாவுப்பசையும் தாளும் நல்ல சாப்பாடு. பிரேம் போட்ட அன்றைக்கு இவை எதுவும் முன்னாலிருந்து தெரியாது. படம் பளிச்சென்று இருக்கும்.

ஆகவே பிரேமோடு ஒரு படம் பிடித்துப்போனால் இனி நான் பார்க்கிற வரிசை இது. முதலில் மவுண்ட் அட்டையில் சன்னல்போல வெட்டியிருக்கும் சாய்வு விளிம்பு. அங்கேதான் அட்டையின் நடுப்பாகம் வெளியே தெரியும். நல்ல அட்டையானால் வெள்ளையாகவே இருக்கும். போன வருடம் வரைந்த படத்துக்கு இப்போதே அந்த விளிம்பு மஞ்சளாகத் தெரிந்தால் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, தாள் கண்ணாடியைத் தொடுகிறதா என்று பார்ப்பேன். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மவுண்டின் நிழல் படத்தின்மேல் மெல்லிய கோடாக விழ வேண்டும். மவுண்டே இல்லாமல், ஓரத்தில் இடைவெளிக் கட்டையும் வைக்காமல் தாளைக் கண்ணாடியோடு அழுத்தியிருந்தால், நம் ஊர் மழைக்காலத்தில் உள்ளே வியர்த்து வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பழைய குடும்பப் புகைப்படங்களைப் பிரேமிலிருந்து எடுக்க முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக ஒன்று, கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். தாள் லேசாக நெளிந்திருந்தால் பயப்படாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சின்னக் காகிதக் கீல் வைத்துத் தொங்கவிட்ட தாள், காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது அப்படித்தான் அசையும். பலகைபோலத் துளி நெளிவும் இல்லாமல் கிடந்தால், "முழுசா ஒட்டியிருக்கா?" என்று கேளுங்கள். கனமான தாளை இழுத்துக் கட்டி வரைந்திருந்தாலும் தட்டையாக நிற்கும், அதனால் இது தீர்ப்பு இல்லை. ஆனால் கேட்டாக வேண்டிய கேள்வி. நான் கேட்காமல் வந்தேன்.

பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தூக்கு வளையம் சட்டத்தின் மரத்தில் திருகியிருக்கிறதா, வெறும் ஹார்டுபோர்டில் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். 22க்கு 28 அங்குல பிரேமில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோ, அந்தப் பாரத்தை ஹார்டுபோர்டு தாங்காது. நான்கு மூலைகளில் இணைப்பு விட்டிருக்கிறதா? முகர்ந்து பார்த்தால் பூசண வாடை வருகிறதா? பழைய படத்தில் டேப் மட்டும் புத்தம்புதியதாக இருந்தால் அண்மையில் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்கலாம்.

கடைசியாக, திறந்து காட்டச் சொல்லுங்கள். பிரேம் போடத் தெரிந்தவருக்கு அது கால் மணி நேர வேலை. திறந்தால் இன்னொரு உண்மையும் தெரியும். மவுண்டுக்கு அடியில் வெளிச்சம் படாமல் மறைந்திருந்த ஓரத்து வண்ணத்தையும் நடுவிலிருக்கும் வண்ணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரத்தில் அடர் சிவப்பு, நடுவில் வெளிர் ரோஜா என்றால் வெயில் ஏற்கெனவே தின்ற படம் அது. எண்ணிட்ட அச்சுப் பிரதியானால் கீழ் ஓரத்தில் பென்சிலில் கையெழுத்தும், 5/20 போன்ற எண்ணும் (இருபது பிரதிகளில் ஐந்தாவது என்று பொருள்) இருக்கும். மவுண்ட் அதை மறைத்திருக்கலாம், பிரேமுக்குள் அடங்கவில்லை என்று வெட்டியும் எறிந்திருக்கலாம். வெட்டிய பிரதிக்கு மறுவிலை பாதாளத்துக்குப் போகும். முழுசாக ஒட்டிய தாளுக்கும் அதே கதிதான்.

இப்போது பெங்களூருப் படம். வாங்கும்போதே தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், திருப்பினேன், முதுகில் பென்சிலில் எழுதியிருந்த தேதியைப் படித்தேன். வரைந்த பெண், தான் பயன்படுத்திய வண்ணங்களில் எது வெயிலுக்கு நிற்கும், எது நிற்காது என்று உட்கார வைத்துச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. தாளாக வாங்குவதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். கையில் எடுத்துப் பார்க்கிற உரிமை நமக்குக் கிடைக்கிறது.

பிறகு பாயிடம் என்ன வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அமிலமில்லாத பருத்தி அட்டையை அவர் கடையில் வைத்திருக்கவில்லை. ஓவியப் பொருள் கடையில் நானே வாங்கிக் கொடுத்தேன், 3,400-ல் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. தாளை ஒட்டக் கூடாது, ஜப்பானியத் தாளில் கீல் வைத்து மாவுப்பசையில் தொங்கவிட வேண்டும் என்றபோது அவருக்குச் சந்தேகம் வந்தது. "இவ்வளவு வெயிட்டை ரெண்டு துண்டு பேப்பர் தாங்குமா சார்?" தாங்கும். அந்தக் கீலுக்குப் போகும் பசை துளிதான், அதுவும் தண்ணீர் பட்டால் இளகிவிடும், என்றைக்கு வேண்டுமானாலும் படத்துக்குச் சேதமில்லாமல் கழற்றலாம். செலோடேப்பானால் சில வருடத்தில் காய்ந்து உதிர்ந்து, மஞ்சள் தழும்பைத் தாளில் விட்டுப் போகும்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா என்று யோசித்தேன். எடை பாதிதான், விழுந்தாலும் நொறுங்காது. ஆனால் கீறல் விழும், துடைத்தால் நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும். கரித்துண்டு, பேஸ்டல் படங்களுக்கு அதைப் போடவே கூடாது, பொடியையே இழுத்துவிடும். நான் கண்ணாடியே போட்டேன். ஹார்டுபோர்டை விடவில்லை, ஆனால் அதற்கும் படத்துக்கும் நடுவே நல்ல அட்டை ஒன்று இருக்கிறது. கீழ் மூலைகளில் ரப்பர்க் குமிழ் ஒட்டினோம். படம் சுவரோடு அப்பிக்கொள்ளாமல் பின்னால் காற்றோட விடும். சென்னையில் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டுகிற எவருக்கும் இந்தச் சின்னச் செலவு அவசியம்.

காரைக்குடிப் படம் இந்தக் கணக்கில் சேராது. ரவி வர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு, அதிலிருந்தும் அதைப் பார்த்து வந்த மற்ற அச்சகங்களிலிருந்தும் சாமி படங்கள் ஊரெங்கும் போயின. செட்டிநாட்டு வீடுகளில் அவற்றுக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி, தேக்குச் சட்டம் போட்டு, மேலே உயரத்தில் முன்பக்கம் சாய்த்து மாட்டினார்கள். அந்தச் சட்டமும் படத்தின் வரலாற்றில் ஒரு பாகம். புதுச் சட்டத்துக்கு மாற்றினால் பாதிப் படத்தைத் தூக்கிப் போட்ட மாதிரி. ஆகவே இங்கே பிரேமோடுதான் வாங்க வேண்டும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பார்க்க வேண்டியவை உண்டு. சட்டத்தில் ஊசித்துளைகள் இருந்து, தட்டினால் மாவும் கொட்டினால் அது உளுத்த மரம், வீட்டு மரச்சாமான்களுக்கும் பரவும். பழைய தேக்குச் சட்டத்தில் புது மறு அச்சை வைத்து விற்பதும் நடக்கிறது. ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சில், புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தெளித்தாற்போல இருக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சில் வரிசை தப்பாத சின்னச் சின்னப் பூ வட்டங்கள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால் நல்லது, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறதா என்று கேளுங்கள். "நூறு வருசத்துப் படம் சார்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால், வெளிநாட்டில் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். உண்மையிலேயே நூறாண்டு தாண்டிய படம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது.

தஞ்சாவூர் ஓவியத்தில் என் அனுபவம் குறைவு. தங்கைக்காக ஒன்று வாங்கப் போனதோடு சரி. சுண்ணப் பொடியும் பசையும் வைத்து மேடாக்கி, தங்கத் தகடு ஒட்டுகிற வேலை அது. பிரேம் இல்லாமல் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அங்கே நாங்கள் செய்தது, வரைகிறவர் வீட்டுக்கே போய்க் கண்ணாடி போடுவதற்கு முன் பார்த்தோம். அடிப்பலகை என்னவென்று பார்த்தோம், தகட்டின் நிறத்தை நேராகப் பார்த்தோம், மேடான இடங்களைக் கண்ணாடி தொடாதபடி ஆழமான சட்டம் கேட்டோம். கான்வாஸில் எண்ணெய் வண்ணம் நான் வாங்கியதில்லை. அதற்குக் கண்ணாடி தேவைப்படுவதில்லை, முதுகும் திறந்தே இருக்கும், அதனால் பிரேமோடு வாங்குவதில் இத்தனை பயம் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

போன தை மாதம் பெங்களூருப் படத்தைப் பாய் கடையில் திறந்தோம். மாட்டி மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. டேப் ஒரு மூலையில் விட்டிருந்தது, அந்த இடத்தில் ஒரு வெள்ளிப்பூச்சி செத்துக் கிடந்தது. மவுண்டின் வெட்டு விளிம்பு வெட்டிய அன்றைக்கு இருந்த வெள்ளையிலேயே இருந்தது, கீல் இரண்டும் பிடி விடவில்லை. பாய் தாளைக் கீலோடு மெல்லத் தூக்கி முதுகைப் பார்த்தார், பிறகு விரலால் கீலைத் தொட்டுப் பார்த்தார். மூலையில் மட்டும் புது டேப் ஒட்டி, ஹார்டுபோர்டின் ஓரத்தில் பென்சிலால் அன்றைய தேதியை எழுதி மூடினோம்.