‘யூஸ்டு டு’: நெடுநாள் புழங்கியும் தடுக்கிவிடும் இடங்கள்

தமிழர் பேசும் ஆங்கிலத்தில் ‘யூஸ்டு டு’ தாராளமாகப் புழங்குகிறது. ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகியவர்களிடமும் ஒரு பிழை மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: இப்போதும் செய்துவருகிற காரியத்துக்கு இதைப் போடுவது. ‘ஐ யூஸ்டு டு வாக் எவ்ரி மார்னிங்’ என்பவர் இன்று காலைகூட நடந்துவிட்டு வந்திருப்பார். கேட்பவருக்கோ ‘முன்பெல்லாம் நடப்பேன், இப்போது விட்டுவிட்டேன்’ என்றுதான் புரியும்.

பிழையின் வேர் தமிழில் இருக்கிறது. ‘வழக்கம்’ என்று பொருள் சொல்லித்தான் இந்தத் தொடரைப் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறோம். ‘நடப்பது வழக்கம்’ என்றால் தமிழில் அது இன்றைய பழக்கம். அதோடு, ‘சின்ன வயதில் தினமும் நீந்துவேன்’, ‘இப்போதும் தினமும் நீந்துவேன்’, ‘நாளைக்கு நீந்துவேன்’ மூன்றுக்கும் நமக்கு ஒரே வினைமுற்று போதும். ஆங்கிலம் அவற்றைப் பிரித்துவிடுகிறது: ‘யூஸ்டு டு ஸ்விம்’, ‘ஸ்விம்’, ‘வில் ஸ்விம்’. இன்றைய பழக்கத்துக்கு வெறும் நிகழ்காலமே சரி. வழக்கம் என்பதை அழுத்த வேண்டுமானால் ‘ஐ யூஷுவலி வாக்’.

இதை இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவரிடம் ‘ஐ யூஸ்டு டு டேக் திஸ் டேப்லெட்’ என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டதாக அவர் எடுத்துக்கொள்வார். அதை நம்பி வேறு மருந்து எழுதினால் ஆபத்து. அங்கே ‘ஐ டேக்’ அல்லது ‘ஐயம் டேக்கிங்’ என்றே சொல்ல வேண்டும். வேலை நேர்காணலில் இன்றைய பொறுப்பை ‘ஐ யூஸ்டு டு ஹேண்டில்’ என்று விவரித்தாலும் அந்தப் பொறுப்பு கைவிட்டுப் போனதாகவே படும். சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் முன்னே ‘முன்பெல்லாம்’, பின்னே ‘இப்போது இல்லை’ என்று மனதுக்குள் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தினால் மட்டும் ‘யூஸ்டு டு’.

எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்று கணக்குச் சொல்லும்போதும் இது ஒட்டாது. ‘ஐ யூஸ்டு டு லிவ் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ பிழை. ‘ஐ லிவ்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ போதும்.

அடுத்த சிக்கல், ‘ஐ’யோடு ஒட்டுகிற ஒரு சின்ன ‘ம்’. ‘ஐ யூஸ்டு டு டிரைவ் அட் நைட்’ என்றால் முன்பு இரவில் வண்டி ஓட்டுவேன். ‘ஐயம் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்’ என்றால் இரவில் ஓட்டுவது எனக்குப் பழகிப்போன விஷயம். இரண்டாவதில் ‘டிரைவ்’ என்று நிறுத்திவிடுவதுதான் பரவலான தவறு. இந்த இடத்தில் தமிழே கைகொடுக்கிறது. ‘ஓட்டுவதற்குப் பழகிவிட்டேன்’ என்பதில் ‘ஓட்டுவது’ என்ற தொழிற்பெயரும் ‘கு’ வேற்றுமையும் இருக்கின்றன அல்லவா? ‘டிரைவிங்’ அந்தத் தொழிற்பெயர். அதன் முன்னே நிற்கும் ‘டு’ அந்தக் ‘கு’. அதனால்தான் அங்கே வெறும் பெயரும் வரும்: ‘ஐயம் யூஸ்டு டு தி நாய்ஸ்’. இன்னும் பழகவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஐயம் கெட்டிங் யூஸ்டு டு இட்’.

‘திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட் பேப்பர்’ என்பதற்கும் இவற்றுக்கும் உறவில்லை. அது ‘பயன்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினை. எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் வாய் இரண்டையும் பிரித்துக் காட்டும். கத்தி வாக்கியத்தில் ‘ஸ்’ தேனீ ரீங்காரம்போல அதிரும். பழக்கத்தைச் சொல்லும்போது அது அதிராத, காற்றொலியான ‘ஸ்’. கடைசி ‘டி’ அடுத்த ‘டு’வில் கரைந்து ‘யூஸ்ட்டு’ என்று ஒரே சொல்லாகிவிடும். இரண்டையும் தனித்தனியாக அழுத்தினால் பேச்சு செயற்கையாக ஒலிக்கும்.

அந்தக் கரைதல்தான் எழுதும்போது காலை வாரிவிடுகிறது. ‘டிட் யூ யூஸ் டு’, ‘டிட்ன்ட் யூஸ் டு’ இரண்டிலும் இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துவிடுவதால் ‘யூஸ்’ என்பதன் ஈற்றில் ‘டி’ எழுத்து வேண்டாம். ஆனால் காதுக்கு வேறுபாடு கேட்காது. எழுதும் கைதான் கவனிக்க வேண்டும். எதிர்மறையில் தயக்கம் இருந்தால் ‘நெவர் யூஸ்டு டு’ என்று எழுதலாம். அதில் ‘டி’ அப்படியே இருக்கும்.