பழைய பவர் சப்ளையே போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் நாள்கணக்கில் அலசித் தேர்ந்தெடுப்பவர்கள்கூட, பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) என்று வந்ததும் "ஏற்கெனவே 500 வாட் இருக்கிறதே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவுக்கு மிகக் குறைவாக உதவுவது அந்த 500 என்ற எண்தான். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்ப் கிடைக்கும், பெட்டிக்கு என்ன வயது, தேவையான கனெக்டர்கள் அதிலிருந்தே வருகின்றனவா என்ற மூன்றைப் பார்த்துத்தான் பழையதையே வைத்துக்கொள்ளலாமா, புதிது வாங்கலாமா, யாரோ பயன்படுத்திய பெரிய பெட்டியை எடுக்கலாமா, கார்டின் மின் வரம்பைக் குறைத்து ஓட்டலாமா என்று சொல்ல முடியும்.

லேபிளில் பார்க்க வேண்டிய கட்டம்

இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் மொத்தம் 500 வாட், 12 வோல்ட் கட்டத்தில் 28 ஆம்ப். மற்றொன்றில் மொத்தம் 550 வாட், அதே கட்டத்தில் 45.5 ஆம்ப். பெருக்கிப் பார்த்தால் முதலாவது 336 வாட், இரண்டாவது 546 வாட். பெயரில் 50 வாட்தான் வித்தியாசம். கையில் கிடைப்பதில் 210 வாட். இன்றைய கணினியில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாமே 12 வோல்ட்டைத்தான் இழுக்கின்றன. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் மிஞ்சிக் கிடக்கும் வாட் எதற்கும் உதவாது.

இந்தக் கணக்கு உள்ளமைப்பையும் காட்டிக்கொடுக்கும். 12 வோல்ட்டின் திறன் மொத்தத் திறனை ஒட்டி இருந்தால், 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் 12 வோல்ட்டிலிருந்து தனி டிசி-டிசி கன்வெர்ட்டர்கள் பிரித்துத் தரும் நவீன வடிவமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இடைவெளி பெரிதாக இருந்தால், 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பழைய வகையாக இருக்கலாம். அதில் 12 வோல்ட்டில் லோடு ஏறி 5 வோல்ட் சும்மா இருந்தால், ஒன்று இறங்கும், மற்றொன்று ஏறும். லோடு மிகக் குறைந்தாலும் தொல்லைதான். 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸர்கள் ஆழ்ந்த உறக்க நிலையில் 12 வோல்ட்டில் 0.05 ஆம்ப் அளவுக்கு இறங்கியபோது, சில பழைய பெட்டிகள் அதைத் தாங்காமல் அணைந்துபோகும் என்ற பிரச்சினை எழுந்தது.

இனி தேவைக்கு வருவோம். 65 வாட் என்று விற்கப்படும் ஏஎம்டி ரைசன் பிராசஸர் உண்மையில் 88 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்குச் சேர்த்து 60 வாட் வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 350. முதல் பெட்டி இங்கேயே தோற்றுவிட்டது. இரண்டாவது பெட்டிக்கு இது 64 சதவீத லோடு, நிம்மதியாக ஓடும். என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட் பரிந்துரைக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இன்னும் அதிகம் இழுக்கும் பிராசஸரோடும் ஓட வேண்டும் என்று இடம் விட்டுச் சொல்லப்படும் எண் அது.

சராசரியோடு கணக்கை முடித்துவிடவும் கூடாது. கார்டுகள் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள், சொல்லப்பட்ட வாட்டை வெகுவாகத் தாண்டிப் பாய்ந்துவிட்டுத் திரும்பும். அந்தப் பாய்ச்சலைப் பார்த்துப் பெட்டியின் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். விளையாட்டின் நடுவே கணினி சட்டென்று அணைந்து, பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி எழுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பவர் சப்ளைகளுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே எழுதப்பட்டது. கார்டுக்கு மின்சாரம் தரும் புதிய 16 பின் கனெக்டர் உள்ள 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள், 100 மைக்ரோ நொடிக்குத் தங்கள் திறனில் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது அது.

பழையதையே வைத்துக்கொள்வது

உள்ளே முதலில் தளர்வது, மின்சாரத்தைத் தேக்கி வோல்ட்டைச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. தூசி அடைத்த கேபினட்டில் ஐந்து வருடம் ஓடியதும், காற்றோட்டமான கேபினட்டில் ஐந்து வருடம் ஓடியதும் ஒரே வயதல்ல. தயாரித்த நிறுவனம் கொடுத்த வாரண்டி நல்ல அளவுகோல். 10 வருட வாரண்டி உள்ள பெட்டி ஆறாவது வருடத்தில் இருந்தால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். 2 வருட வாரண்டியோடு வந்தது ஆறாவது வருடத்தில் இருந்தால், அதன் மேல் புதிய கார்டை ஏற்றுவது வீண் துணிச்சல்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். மென்பொருள் காட்டும் வோல்ட்டை நம்ப வேண்டாம். மதர்போர்டின் சென்சார் தவறாகக் காட்டுவது வழக்கம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பயன்படுத்தாத நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரின் கறுப்பு வயரிலும் மஞ்சள் வயரிலும் முனைகளை வையுங்கள். பிராசஸருக்கும் கார்டுக்கும் ஒரே நேரத்தில் முழு லோடு கொடுத்து 20 நிமிடம் பாருங்கள். 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், சிவப்பு வயரின் 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தும், லோடு ஏறியதும் 12.1-லிருந்து 11.5-க்குச் சரிகிறது என்றால் அது தேறாது. வயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் நிறத்தை ஊகிக்காமல் பின் வரைபடத்தைப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கெப்பாசிட்டர் தளர்ந்தால் முதலில் கூடுவது ரிப்பிள், அதாவது வோல்ட்டின் மேல் படியும் நடுக்கம். விதிப்படி 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மல்டிமீட்டரில் இது தெரியாது, வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆகவே, மீட்டரில் தோற்ற பெட்டியை உறுதியாகக் கழிக்கலாம். தேறிய பெட்டியை அதன் வயதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

டெல், ஹெச்பி போன்றவற்றின் முழுக் கணினியிலிருந்து கழற்றிய பெட்டி என்றால் பேச்சே வேறு. பல மாடல்களில் மதர்போர்டு கனெக்டரும் பெட்டியின் அளவும் பொது வடிவத்தில் இருப்பதில்லை.

புதிது வாங்குவது

மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். எடுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதத்தைக் கணினிக்குத் தரும் பெட்டி, 300 வாட் லோடில் சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும். 90 சதவீதம் தருவது 333 வாட். தினம் 4 மணி நேரம் அப்படி ஓட்டினாலும் வருடத்துக்கு ஏறத்தாழ 29 யூனிட்தான் மிச்சம்.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பாய்ச்சலைத் தாங்கும் திறன், புதிய வாரண்டி, 16 பின் கேபிள் நேரடியாக வருவது. வாங்கும்போது 12வி-2x6 என்ற திருத்தப்பட்ட கனெக்டர் உள்ளதையே எடுங்கள். முந்தைய வடிவம் முழுதாக உள்ளே போகாதபோதும் கார்டு முழு மின்சாரம் இழுத்தது, கனெக்டர் உருகியது. திருத்தத்தில், கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று தெரிவிக்கும் சென்ஸ் பின்களைச் சிறிதாக்கியதால், சரியாகச் செருகாவிட்டால் கார்டுக்கு மின்சார அனுமதியே கிடைக்காது. எதுவானாலும் இடைவெளி தெரியாதபடி அழுத்திச் செருகுங்கள். கனெக்டரை ஒட்டிய மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் கேபிளை மடிக்காதீர்கள்.

300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டு என்றால், நம் தீர்ப்பு தயக்கமில்லாமல் புதிய பெட்டிதான்.

பயன்படுத்தியதை வாங்குவது

நான்கில் இதுதான் மிக மோசமான தேர்வு. வயது தெரியாது, எந்த வெப்பத்தில் ஓடியது என்று தெரியாது, பில் இல்லாமல் வாரண்டி கிடைப்பது கடினம். அதைவிட ஆபத்து கேபிள்கள். மாடுலர் பெட்டிகளில், அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியவற்றில், பெட்டிப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்கூட மாறும். டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிள், வேறு பெட்டியுடையதானாலும் பொருத்தமாக உள்ளே போய்விடும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த நொடியே கருகும். தரவோடு சேர்த்துப் போய்விடும். அசல் கேபிள்கள் எல்லாம் இல்லாத மாடுலர் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

வரம்பைக் குறைத்து ஓட்டுவது

பெட்டி நல்லது, ஆனால் 30, 40 வாட் இடிக்கிறது என்னும் நிலையில் இது கைகொடுக்கும். கார்டின் மென்பொருளில் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கினால் 200 வாட் கார்டு 160-இல் நிற்கும். வேகம் அந்த அளவுக்குக் குறையாது. கடைசி வாட்டுகள் தரும் வேகம் எப்போதுமே சொற்பம். பாய்ச்சல்களும் பொதுவாகத் தணியும். விண்டோஸை மறுபடி நிறுவினால் இந்த அமைப்பு போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கனெக்டர் போதவில்லை என்று சாட்டாவிலிருந்து கார்டின் எட்டு பின் கனெக்டருக்கு மாற்றும் அடாப்டரைப் போடுவது இந்த வழியில் சேராது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்ப், மொத்தம் 54 வாட். எட்டு பின் கனெக்டர் கேட்கக்கூடியது 150. உருகுவது அடாப்டராகவும் இருக்கலாம், கார்டாகவும் இருக்கலாம். கார்டுக்கு இரண்டு எட்டு பின் தேவையென்றால், ஒரே கேபிளின் இரட்டைத் தலையைப் பயன்படுத்தாமல் பெட்டியிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களை இழுங்கள்.

புதிய பெட்டி பொருத்துகிறவர்கள் கேபினட்டின் பின்புறம் கட்டியிருக்கும் பழைய கேபிள்களை ஒன்றுவிடாமல் உருவி எடுங்கள். "பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்" என்று அவற்றை விட்டுவைப்பதில்தான் டிஸ்க்குகள் கருகுகின்றன. கழற்றிய பெட்டி அளந்து பார்த்ததில் தேறியிருந்தால், அதன் கேபிள்களை அதோடே சேர்த்துக் கட்டி, தேதி எழுதி, பழுது பார்க்கும்போது சோதிப்பதற்கென்று வைத்துக்கொள்ளலாம். தேறாததை ஃபேன் மாற்றிப் பார்க்கலாமே என்றுகூடத் திறக்காதீர்கள்: முதன்மைக் கெப்பாசிட்டர் 380 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் பெற்றிருக்கும், பிளக்கை உருவிய பிறகும் அது தங்கியிருக்கலாம். அப்படியே மின்கழிவுச் சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.