ரிப்பேரான டீசல் கார்: வேலை பார்த்து விற்பதா, அப்படியே விற்பதா?

சேலத்தில் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒரு பழைய டீசல் செடான் கவர் போட்டு நிற்பதைப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாக ஓடிய டிசையரோ, இண்டிகோவோ, ஃபியஸ்டாவோ, ஒரு நாள், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் தொந்தரவு கொடுத்திருக்கும். மெக்கானிக் ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருப்பார். அத்தோடு நின்றிருக்கும். இதை என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, எப்போது முடிகிறது?

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் உண்டு. பணம்கூடப் பரவாயில்லை, வண்டி ஆய்வாளர் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும். ஆர்சி முடிந்து, ஸ்டார்ட்டும் ஆகாத காரைப் புதுப்பிக்க வழியில்லை. புதுப்பிக்காமல் பெயர் மாற்றவும் வழியில்லை. ஆகவே ஆர்சியில் இரண்டு மூன்று வருஷமாவது மிச்சமிருந்தால்தான் அப்படியே விற்பதைப் பற்றிப் பேசலாம். முடிந்துபோயிருந்தால் வேலை பார்க்க வேண்டும், அல்லது ஸ்கிராப்புக்குக் கொடுக்க வேண்டும்.

டீசல் காருக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு என்று சொல்லி விலையைக் குறைக்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட தடையைப் பற்றிய பேச்சு. நம் ஊருக்கு அது கிடையாது. தைரியமாக மறுத்துப் பேசுங்கள்.

வேலை பார்த்து விற்பதில் சேலத்துக்காரர்களுக்கு ஆசை வருவதில் நியாயம் உண்டு. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கிற லாரி வட்டாரம் இது. டீசல் பம்ப் கடை, லேத் பட்டறை, டர்போவைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆட்கள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் கணக்கு இடிக்கும். ஓடுகிற நிலையில் உங்கள் மாடல் ஒன்றரை லட்சம் போகும், நிற்கிற நிலையில் எழுபதாயிரம் போகும் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி எண்பதாயிரம். நாலு இன்ஜெக்டர், கிளட்ச் செட், கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காமன் ரெயில் டீசலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்கிற ஒரே அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகிற என்ஜினில், அப்படி அடங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து இரும்புத் துகள் கலந்திருந்தால் டேங்கில் இருந்து ரெயில் வரை சுத்தம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகப் போட்ட இன்ஜெக்டரும் போய்விடும். இவ்வளவும் செய்த பிறகு, வாங்க வருபவர் உங்கள் பில்லைப் பார்த்து விலையைக் கூட்டித் தர மாட்டார். "என்ஜின் வேலை பார்த்த வண்டிங்களாண்ணா?" என்று கேட்டு அதற்கே கொஞ்சம் குறைப்பார். கோளாறு கிளட்ச் மட்டும்தான், ஆல்டர்னேட்டர் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் வேலை பார்க்கலாம். டிங்கரிங், பெயிண்டிங்குக்குச் செலவு செய்வது வேண்டவே வேண்டாம்.

ஆர்சி உயிரோடு இருந்தால் உள்ளது உள்ளபடி விற்பதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் இரண்டு காரியம் செய்துவிட்டு விற்க வேண்டும். முதலாவது, நல்ல பேட்டரி. இரவல் வாங்கிப் போட்டாலும் சரி. பேட்டரி சோர்ந்திருந்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், ரெயிலில் பிரஷர் ஏறாது, வண்டி பிடிக்காது. பார்க்க வந்தவர் என்ஜினே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒரு தடவை பிடித்து ஓடிக் காட்டுகிற வண்டிக்கும், பிடிக்கவே பிடிக்காத வண்டிக்கும் பேரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, மெல்லிய டியூப் மாட்டி, நாலு சின்ன பாட்டிலில் விடுவார்கள். என்ஜின் ஓட ஓட நாலிலும் டீசல் சொட்டும். மூன்றில் ஒரு விரல் அளவு, ஒன்றில் மட்டும் பாதி பாட்டில் என்றால் திருடன் அகப்பட்டுவிட்டான்: அந்த இன்ஜெக்டர் வழியாகத்தான் பிரஷர் ஓடிப்போகிறது. அந்த நாலு பாட்டிலையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா என்றும் ஒரு வீடியோ எடுங்கள். அப்படித் தள்ளினால் அது பேக் கம்ப்ரஷன், என்ஜின் உள்ளே தேய்ந்ததன் அடையாளம்; மறைக்கவே கூடாது. இந்த மாதிரி வண்டியை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டறைக்காரர்கள், டிரைவர்கள், அதே மாடல் வைத்திருப்பவர்கள். ஐந்து நிமிஷத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களே முந்திச் சொன்னால், மற்றதற்கும் உங்கள் வார்த்தையை நம்பி விலை பேசுவார்கள்.

மாடலும் முக்கியம். டிசையர், லீனியா, இண்டிகோ மான்சா மூன்றிலும் ஃபியட்டின் அதே 1248 சிசி மல்டிஜெட் குடும்பம்தான். தெரிந்த கை அதிகம், பொருளும் கிடைக்கும், அதனால் நின்ற வண்டிக்கும் ஆள் வரும். ஃபியஸ்டாவின் டீசல் என்ஜின் எனக்குப் பிடித்த என்ஜின். ஆனால் ஃபோர்டு 2021-இல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்த பிறகு, வாங்குகிறவர்கள் யோசிக்கிறார்கள்.

வண்டி ஓடுகிறது என்றால் ஏற்காடு ரோட்டில் ஏற்றிப் பார்க்கிறேன் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். 20 கொண்டை ஊசி வளைவில் முதல் நாலைந்து ஏறுவதற்குள்ளேயே கிளட்ச் நழுவுவதும், டர்போ இழுக்காததும், டெம்பரேச்சர் முள் ஏறுவதும் தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள், கூடவே நீங்களும் போங்கள். பிரேக் சந்தேகம் என்றால் மலைப்பக்கமே வேண்டாம்.

பழைய கார் வாங்கி விற்கிற கார் கன்சல்டிங்கில் கொடுத்தால் அலைச்சல் இல்லை, ஆனால் அவருடைய லாபம் உங்கள் விலையில் இருந்துதான் போகும். ஷோரூம் எக்ஸ்சேஞ்ச், புது கார் எடுப்பவருக்கு மட்டும். எக்ஸ்சேஞ்ச் போனஸையும் பழைய காரின் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்கிராப், ஆர்சி முடிந்த வண்டிக்கும் அடிப்பாகம் துருப்பிடித்த வண்டிக்கும் சரியான வழி. காயலான் கடைக்குப் போகாமல், அரசிடம் பதிவு பெற்ற மையத்தில்தான் கொடுக்க வேண்டும். அங்கே வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் அடுத்த புது காருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதியில் இடமும் இருக்கிறது. ஆர்சியை ரத்து செய்யாமல் கடைக்குக் கொடுத்தால் வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும். உதிரி உதிரியாகக் கழற்றி விற்பதிலும் இதே சிக்கல்தான்.

பெயர் மாற்றத்தில் மட்டும் யாருக்கும் தயவு காட்டாதீர்கள். "வேலை முடிச்சிட்டு மாத்திக்கிறேனுங்க" என்றால் வண்டியைக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட், வாங்குபவரின் அடையாள அட்டை நகல், எல்லாம் அன்றைக்கே வேண்டும். 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் சொல்ல வேண்டியது விற்பவரின் பொறுப்பு. கடன் முடிந்தும் ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால் ஃபார்ம் 35 கொடுத்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் வைகுந்தம் டோலைத் தாண்டும்போது உங்கள் கணக்கில் பணம் போகும். க்ளெய்ம் வாங்காத வருஷங்களுக்காக இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் 3 வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.