டர்பன் வெயிலில் வீட்டு பியர்: முழுத் தானியமா, பாதித் தானியமா?

வீட்டில் பியர் காய்ச்ச மூன்று வழி உண்டு. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, அதன் கெட்டிச் சாற்று டின்னை வாங்கிக் கரைப்பது ஒன்று. முழுக்கத் தானியத்தை ஊறவைத்தே இனிப்பை எடுப்பது இன்னொன்று. கொஞ்சம் தானியம், மிச்சத்துக்குச் சாறு என்பது மூன்றாவது. நான் நின்றுவிட்டது இந்த மூன்றாவதில்தான். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் மச்சான் முழுத் தானியக்காரர். "இது பாதிச் சமையல்தானே?" என்று கேலி செய்வார். செய்யட்டும்.

வெறும் டின் எளிது, அவ்வளவுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள்பட்ட திரவச் சாறு கறுத்துப்போய், பழைய வாடையும் ஏறிவிடும். மால்ட்டோ மேற்கு கேப்பில் விளையும் பார்லி, கேலிடனில் முளைகட்டுவது, புதிதாகவே கிடைக்கிறது. இன்னொன்று, ஓட்ஸ் போட ஆசைப்பட்டால் டின் உதவாது. ஓட்ஸின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் மால்ட்டில்தான் இருக்கின்றன.

நான் செய்வது 20 லிட்டர். ஒன்றரைக் கிலோ வெளிர் மால்ட், நிறமும் இனிப்பும் தரும் கிரிஸ்டல் மால்ட் கால் கிலோ, இரண்டையும் உடைத்துத் துணிப்பையில் கட்டி, 5 லிட்டர் வெந்நீரில் ஒரு மணி நேரம். சூடு 66, 67 டிகிரியில் நிற்க வேண்டும். பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றிவிட்டால் போதும். அப்புறம் பையைத் தூக்கி, 75 டிகிரி நீர் 4 லிட்டர் ஊற்றி அலசினால் இனிப்பு இறங்கிவிடும். அதில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் 1.7 கிலோ சாற்றைக் கலக்கிறேன். தாமதமாகச் சேர்த்தால் நிறம் கறுக்காது, ஹாப்ஸின் கசப்பும் நன்றாக இறங்கும். எல்லாம் பிரியாணிச் சட்டியிலேயே முடிகிறது.

ஆனால் என்னை இந்தப் பக்கம் இழுத்தது சட்டி அல்ல, ஆறவைக்கிற வேலை. ஏல் வகை பியருக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். முழுத் தானியத்தில் கொதிக்கும் 25 லிட்டர் முழுவதையும் அந்த அளவுக்கு இறக்கியாக வேண்டும். சட்டிக்குள் இறக்கி, உள்ளே குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஆறவைக்கும் செம்புச் சுருள் குழாய் இருந்தாலும், அதில் ஓடும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே அது போகாது. நடுக்கோடையான ஜனவரியில் நம் குழாயில் வருவதே வெதுவெதுப்பு. எவ்வளவு தண்ணீர் வீணாக ஓடும் என்பதையும் பாருங்கள்.

என் சட்டியில் இருப்பது 8 லிட்டர். ஐஸ் போட்ட தொட்டியில் வைத்தால் சீக்கிரமே 40 டிகிரிக்கு வந்துவிடும். முந்தின நாளே கொதிக்கவைத்து, ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் வைத்த 12 லிட்டர் தண்ணீரை அதில் கலந்தால் 19 டிகிரி. கையோடு ஈஸ்டைப் போட்டுவிடலாம். (ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் சாம்பாருக்கு இடமில்லை, வீட்டில் முறைப்பார்கள்.) அதன்பின் புளிக்கும் நாட்களில் வாளியை ஈரத்துணி சுற்றி, ஐஸ் பாட்டிலோடு வைக்கும் தொல்லை எல்லா வழிக்கும் பொது.

சாறு விலை அதிகம், தானியம் மலிவு. மாதம் தவறாமல் காய்ச்சுபவருக்கு மச்சான் வழிதான் கட்டும். ரொம்ப வெளிர் நிற லாகர் வகை பியருக்கும் அதுவே மேல் என்கிறார். முழுத் தானியத்தில் நான் அவருக்குக் கைகொடுத்ததோடு சரி, தனியாகச் செய்ததில்லை, அதனால் சுவையில் அடித்துச் சொல்ல மாட்டேன். ஜோஹானஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது: அங்கே குளிர்காலமான ஜூலையில் குழாய்த் தண்ணீரே நன்றாகக் குளிர்ந்திருக்கும், சுருள் குழாய் ஒழுங்காக வேலை செய்யும்.