மோட்டோ குஸ்ஸி 850 டி3: மாற்றியவையும் மாற்றாமல் விட்டவையும்

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஓட்டும் நேரத்தைவிடக் கழற்றி மாட்டும் நேரமே அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. மோட்டோ குஸ்ஸி 850 டி3 விஷயத்தில் அந்தப் பேச்சு பொருந்தாது. பல ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் ஓட்டி, பெரும்பாலான வேலைகளை என் கையாலேயே செய்து, பிடித்த மாதிரி சிலவற்றை மாற்றியும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த வண்டியில் பணமும் உழைப்பும் செலவழிக்கத் தகுந்த இடங்கள் எல்லாமே வெளியே தெரியாத இடங்கள். கண்ணுக்குத் தெரியும் பாகங்களைத் தொழிற்சாலை எப்படிச் செய்து அனுப்பியதோ, பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இந்த வண்டியின் எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் தகப்பன் வேறு வேறு. குறுக்குவாட்டில் இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் 90 பாகை வி-ட்வின் எஞ்சின் ஜூலியோ சேசரே கார்கானோவின் வடிவமைப்பு. 1950களில் எட்டு சிலிண்டர் கொண்ட 500 சி.சி. பந்தய வண்டியை உருவாக்கியவரும் அவர்தான். 1967-இல் வி7 என்ற பெயரில் 703 சி.சி. அளவில் விற்பனைக்கு வந்த அந்த எஞ்சினைத் தாழ்வான ஒரு சட்டகத்துக்குள் உட்காரவைத்தவர் லீனோ டோன்டி. சிலிண்டர்களுக்கு நடுவே மேலே உட்கார்ந்திருந்த டைனமோவை எடுத்துவிட்டு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முன்முனையில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, அப்படிக் கிடைத்த இடைவெளியில் சட்டகத்தின் முதுகுக் குழாயை இறக்கினார். 1971-இன் வி7 ஸ்போர்ட்டில் வந்த அந்தச் சட்டகம்தான், 83 மி.மீ. போரும் 78 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 844 சி.சி. எஞ்சினோடு, 1975-இல் டி3-க்கும் வந்தது.

இந்தச் சட்டகத்தின் அருமை சாலையில் தெரிவதைவிடப் பட்டறையில்தான் கூடுதலாகத் தெரிகிறது. கீழ்க்குழாய்கள் இரண்டும் போல்ட்டில் கழன்று வந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, பின்சக்கரத்தையும் ஸ்விங் ஆர்மையும் எடுத்த பிறகு, மேல் சட்டகத்தை அப்படியே எஞ்சினை விட்டுத் தூக்கி நகர்த்தலாம். கனமான எஞ்சினைச் சட்டகத்திலிருந்து இறக்குவதற்குப் பதிலாக, லேசான சட்டகத்தை எஞ்சினிலிருந்து எடுக்கிறோம். கிளட்ச் பிளேட் மாற்றவும் கியர்பாக்ஸைத் திறக்கவும் இவ்வளவும் பிரிக்க வேண்டியிருப்பதால் அது சிறிய வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துணைக்கு ஒருவர் இருந்தால் விடுமுறை நாளொன்றில் முடித்துவிடலாம். கிளட்ச் கார்களில் இருப்பதைப் போன்ற உலர் கிளட்ச். அங்கே எண்ணெய்க்கசிவு இருந்தால் கிராங்கின் பின் சீலையும் கியர்பாக்ஸ் சீலையும் அந்த ஒரே பிரிப்பில் மாற்றிவிட வேண்டும். இன்னொரு முறை அவ்வளவையும் பிரிக்க யாருக்கும் மனம் வராது.

ஓட்டும் அனுபவத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் மட்டும். நின்றபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி வலப்பக்கம் சாயும். கிராங்க் நீளவாட்டில் சுழல்வதன் எதிர்வினை அது, ஓட்டத்தில் மறந்துவிடும். ஷாஃப்ட் டிரைவ் என்பதால் முறுக்கும்போது பின்பக்கம் எழும்பும், விடும்போது அமரும். ஆகவே வளைவுக்குள் நுழைந்த பிறகு ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று விடாமல் சீராகப் பிடித்துக்கொண்டே போகப் பழக வேண்டும். இதற்குப் பழகியவருக்கு நீண்ட, வேகமான வளைவுகளில் இதைப் போன்ற நிதானமான வண்டி கிடைப்பது அரிது. நெரிசலில் கிளட்ச் கனம் இடது கையை வருத்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வால்வு இடைவெளி சரிபார்ப்பதுதான் எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த வேலை. சிலிண்டர் தலைகள் இரண்டும் முழங்காலுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருப்பதால் டேங்கைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்தாவது கியரில் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் எஞ்சின் மெதுவாகச் சுழலும். கிளட்ச் கூட்டின் வலப்பக்கம் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்தால் ஃபிளைவீலில் செதுக்கிய குறிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோவது தெரியும். வலது சிலிண்டருக்கு 'டி', இடது சிலிண்டருக்கு 'எஸ்'. குறி நடுவில் வந்து நிற்கும்போது அந்தப் பக்கத்து ராக்கர்கள் (வால்வை அழுத்தும் நெம்புகள்) இரண்டும் விரலால் ஆட்டினால் லேசாகக் கடகடவென்று அசைய வேண்டும். அசையாவிட்டால் இன்னும் ஒரு முழுச்சுற்று பாக்கி. பிறகு ஃபீலர் கேஜை நுழைத்து, மெல்லிய பிடிப்போடு நகரும்வரை ஸ்க்ரூவைத் திருகி, அது நகராமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது இடைவெளி சற்றே மாறும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது அவசியம். அதன்பின் கார்புரேட்டர்கள் இரண்டையும் வெற்றிட அளவியால் சமப்படுத்திவிட்டால், ஐட்லிங்கில் ஹேண்டில்பார் நடுக்கம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. வரிசை முக்கியம்: வால்வு சரியில்லாமல் கார்புரேட்டரைத் தொட்டால் எவ்வளவு திருகினாலும் நிலைக்காது.

எஞ்சினுக்குள் கவலைப்பட வேண்டியது சிலிண்டர் சுவரைப் பற்றித்தான். அந்தக் காலத்து அலுமினிய சிலிண்டர்களின் உட்சுவரில் குரோம் பூச்சு பூசியிருந்தார்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் அது வெகுதூரம் தாங்கும்; ஆண்டுக்கணக்காக நிறுத்திவைத்த வண்டியில் ஈரம் ஏறி, பூச்சு உரியத் தொடங்கும். உரிந்த குரோம் எண்ணெயில் கலந்து கிராங்க் பேரிங் வரை போய்ச் சேரும். ஆகவே என் வண்டியில் நான் முதலில் செய்த பெரிய செலவு நிக்காசில் என்ற நிக்கல் கலந்த கடினப் பூச்சு கொண்ட புதிய சிலிண்டர்களும் பிஸ்டன்களும்தான். ஜிலார்டோனி தயாரிப்பு இன்றும் கிடைக்கிறது. சிலிண்டரும் பிஸ்டனும் 'ஏ', 'பி' என்று அளவுவகை குறித்து வரும்; ஒரே எழுத்தாகப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். இதைச் செய்த பிறகு எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

எண்ணெய் என்றதும் ஃபில்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டி3-யில் கார்களில் திருகும் வகை ஃபில்டர் ஒன்று உண்டு. ஆனால் அது எண்ணெய்த் தொட்டிக்கு உள்ளே இருக்கிறது. ஃபில்டரை மாற்ற எண்ணெயை வடித்து, தொட்டி முழுவதையும் இறக்கி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து மாட்ட வேண்டும். இதை யார் யோசித்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். வெளியிலிருந்தே ஃபில்டரை மாற்ற வசதியான கூடுதல் தொட்டி வளையங்கள் விற்கிறார்கள், அவை தேவைதான். மூன்று லிட்டர் எண்ணெய் கொள்ளும் எஞ்சினில் ஃபில்டர் தளர்ந்தால் எண்ணெய் அழுத்தமே போய்விடும் என்பதால், ஃபில்டரைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப் மாட்டி அது திரும்பாமல் தடுக்கும் வழக்கம் குஸ்ஸிக்காரர்களிடையே உண்டு. அற்பச் செலவு, நிம்மதி அதிகம்.

மின்சாரப் பகுதியில் நான் செய்த மாற்றங்கள்தான் அன்றாட ஓட்டத்தில் மிகப் பெரிய வித்தியாசத்தைத் தந்தன. ஹெட்லைட்டுக்கு ரிலே, ஸ்டார்ட்டருக்கு ரிலே, எஞ்சின் கூட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே புதிய தடித்த எர்த் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறி நேரத்தைக் கட்டுப்படுத்திய இரண்டு ஜோடி பாயின்ட்டுகளுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயின்ட்டில் குறை ஒன்றுமில்லை, சாலையோரத்திலும் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் இரண்டு ஜோடிக்கும் தனித்தனியே இடைவெளியும் டைமிங்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு ஜோடி சற்று விலகினாலும் ஒரு சிலிண்டர் முந்திக்கொள்ளும்.

புதிதாக வாங்கியவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். மீட்டர் பலகையில் சார்ஜ் ஆவதைக் காட்டும் சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்குத் தொடக்கக் கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் எரிந்துபோனால், அல்லது அழகுக்காக எல்லா விளக்குகளையும் எல்இடி ஆக்கும்போது இதையும் மாற்றிவிட்டால், ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாது; பேட்டரி மெல்ல வடிந்து, ஓரிடத்தில் வண்டி நின்றுபோகும். சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்றே போதும், பாதித் தொல்லை தீர்ந்தது.

இனி, தோற்றத்துக்கான மாற்றங்கள். டி3-யை குஸ்ஸியின் 1976 ஸ்போர்ட்ஸ் மாடலான லெ மான் 850 போல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றை இருக்கை, 30 மி.மீ. கார்புரேட்டர்களுக்குப் பதிலாக 36 மி.மீ. டெல்லோர்ட்டோ. லெ மானில் அந்தக் கார்புரேட்டர்கள் பயன் தருவதற்குக் காரணம் அதன் பெரிய வால்வுகளும் கூடுதல் கம்ப்ரஷனும். டி3-யின் தலையை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் அடிவேகத்தில் இழுவை குறையும், கையில் ஆக்ஸிலரேட்டர் கனக்கும், அவ்வளவுதான். நான் ஹேண்டில்பாரைச் சற்றே தாழ்த்தி, இருக்கையின் நுரையைப் புதிதாகப் போட்டு, அதோடு நிறுத்திக்கொண்டேன். முன் ஃபோர்க்கில் பலர் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்பார்கள். அந்த ஃபோர்க்கில் அதிர்வைத் தணிக்கும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சீல் வைத்த டாம்பர் குழல்கள். வெளியே ஊற்றும் எண்ணெய் உயவுக்கு மட்டுமே. தேய்ந்த டாம்பர்களை மாற்றினால்தான் மூக்கு அடங்கும்.

பழைய இத்தாலிய வண்டி வைத்திருக்கும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் தீராத வழக்கு பிரேக் பற்றியது. டி3-யில் கால் பிரேக்கை மிதித்தால் பின் டிஸ்க்கும் முன்பக்க இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கை பிரேக்குக்கு வலது முன் டிஸ்க் மட்டும். இதை உடனே பிரித்து, முன் டிஸ்க் இரண்டையும் கைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நண்பர்களில் பாதிப் பேரின் கட்சி. நான் எதிர்க்கட்சி. ஈரச் சாலையில், பாரம் ஏற்றிய வண்டியில், காலால் மட்டும் பிடிக்கும்போது வண்டி முன்னும் பின்னும் சமமாக அமர்ந்து நிற்பதை ஒரு முறை உணர்ந்தவருக்கு அதைப் பிரிக்க மனம் வராது. குறை இல்லாமல் இல்லை: மெதுவாக வட்டமடித்துத் திருப்பும்போது பின் பிரேக்கை மட்டும் தொட வழியில்லை. காலிலிருந்து முன்சக்கரம் வரை போகும் நீண்ட குழாயில் காற்று ஒளிந்துகொள்வதால் பிரேக் திரவம் மாற்றுவது பொறுமையைச் சோதிக்கும். பழைய ரப்பர் குழாய்களை எடுத்துவிட்டு எஃகு பின்னிய குழாய்கள் போட்டதும், பிரெம்போ காலிப்பர்களுக்குப் புதிய சீல் மாற்றியதும் அமைப்பையே பிரிப்பதைவிட அதிகப் பலன் தந்தன.

வட்டம் என்றேன், அதில் குஸ்ஸிக்காரர்கள் மட்டும் இல்லை. ஒருவரிடம் டுகாட்டி 900 சூப்பர் ஸ்போர்ட் இருக்கிறது. ஃபாபியோ தாலியோனியின் டெஸ்மோ அமைப்பில் வால்வைத் திறக்க ஒரு ராக்கர், மூடவும் ஒரு ராக்கர். இரண்டுக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் சிறு துண்டான ஷிம்மைத் தனித்தனியே அளந்து போட வேண்டும். அவர் நான்கு வால்வை முடிப்பதற்குள் நான் என் வேலையை முடித்து, கை கழுவி, அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்த எஞ்சினின் பெவல் கியர்கள் எழுப்பும் ஒலியைக் கேட்டபிறகு, அந்த உழைப்புக்கு ஏன் அவர் சலித்துக்கொள்வதில்லை என்று புரிகிறது. இன்னொருவரிடம் பிரெகான்சேயில் உருவான மூன்று சிலிண்டர் லவெர்டா 1000. 180 பாகை கிராங்க். ஓரத்து பிஸ்டன்கள் இரண்டும் மேலே போகும்போது நடுவிலிருப்பது கீழே இறங்கும். அதன் கரடுமுரடான துடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு என் வண்டி டிராக்டர் போலப் படுகிறது. இருவரும் ஒருவர் வண்டியை மற்றவர் கேட்டு வாங்கி ஓட்டத்தான் செய்கிறோம்.

இந்தக் கூட்டுறவின் நடைமுறைப் பயன் சிறிதல்ல. ரோட்டரைக் கழற்ற உள்ளே செருகும் கெட்டி எஃகு ஊசி, கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தும் கருவி, வெற்றிட அளவி ஆகியவற்றை ஆளுக்கொன்று வாங்குவது வீண். எங்களிடம் பொதுப்பெட்டி ஒன்று உண்டு. யார் கடைசியாகப் பயன்படுத்தினார்களோ அவர்கள் துடைத்து வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. பேக்கிங் செட், கேபிள், ஆயில் சீல் போன்றவற்றை மொத்தமாக வரவழைத்துப் பங்கிட்டுக்கொள்கிறோம். ஒரு விற்பனையாளர் குஸ்ஸிக்குப் பொருந்தும் என்று சொல்லி அனுப்பிய கேபிள்கள் எல்லாம் ஒரு விரல் நீளம் குறைவாக வந்தபோது, ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதியதால்தான் பணம் திரும்பியது. கோமோ ஏரிக்கரையில், 1921-இல் நிறுவனம் தொடங்கிய மாண்டெல்லோ டெல் லாரியோவிலேயே, பழைய தொழிற்சாலையைச் சுற்றிக் குஸ்ஸிக்காரர்கள் செப்டம்பரில் கூடும் வழக்கம் இருக்கிறது. அங்கே வண்டியோடு போவதைப் பற்றி எங்கள் வட்டத்தில் பேச்சு அடிக்கடி எழும்.

மிச்சக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்க ஸ்டாண்ட் வண்டியின் எடை நீங்கிய கணமே தானாக மடங்கிக்கொள்ளும்; சரிவில் அதை நம்பி விட்டுவிட்டுப் போகக் கூடாது. கியர்பாக்ஸ் அவசரப்பட்டால் சத்தம் போடும். காலைப் பொறுமையாக வைத்தால் சத்தமில்லாமல் விழும். கியர்பாக்ஸுக்கு 750 மில்லியும் பின் டிரைவுக்கு 250 மில்லியும் தனித்தனி எண்ணெய் என்பதால், எஞ்சின் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டுவிடுவது பலரின் வழக்கம். ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் குரோம் சைலென்சரையும் பிறகு பார்க்கலாம். பிளக் துளை வழியே செலுத்தும் சிறு கேமராவைக் கையோடு கொண்டுபோய் சிலிண்டர் சுவரில் உரிந்த திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சார்ஜ் விளக்கு எரிந்து அணைகிறதா, கீழ்க்குழாய்களின் போல்ட்டுகள் துருவில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கின்றனவா, கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்பனவற்றையும் பாருங்கள். சிலிண்டர் சுவர் உரிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும் என்று இல்லை. புதிய சிலிண்டர் ஜோடியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.