பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸுக்கு பட்ஜெட் டிவி: ஸ்டிக்கரில் இருக்கும் 120 எந்த 120?

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் போன்ற கேம் கன்சோலுக்கு டிவி வாங்குபவருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 35 ஆயிரம் ரூபாய்க்குள்தான் கையில் இருக்கிறது என்றால் நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் டிவி ஒன்றை வாங்குங்கள். 55 முதல் 70 ஆயிரம் வரை போக முடியும் என்றால் உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனல் (திரை) உள்ள 55 அங்குல டிவி தள்ளுபடி நாட்களில் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில், 40 முதல் 50 ஆயிரத்தில், "120 ஹெர்ட்ஸ் கேமிங்" என்று பளபளக்கும் ஸ்டிக்கரோடு நிற்கும் டிவிகளில்தான் பணம் வீணாகிறது. அந்த விலையில் எதை எடுத்தாலும் முதலில் அந்த 120 எந்த 120 என்று கேளுங்கள்.

ஏனென்றால் அந்த எண் மூன்று பொருளில் வருகிறது. முதல் வகையில் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான்; மென்பொருள் படத்தை வழவழப்பாக்குவதை ஒரு பெரிய எண்ணாக மாற்றிப் போட்டிருப்பார்கள். மோஷன் ரேட், எம்இஎம்சி என்ற பெயர்களோடு வரும். கேம் மோடில் (கேம் ஆடும்போது தாமதத்தைக் குறைக்கும் டிவி அமைப்பு) இந்தச் செயலாக்கம் பெரும்பாலும் அணைந்துவிடும் என்பதால் கன்சோலுக்கு அந்த எண்ணால் பயனே இல்லை. இரண்டாவது வகை கொஞ்சம் நுட்பமானது. டிஎல்ஜி, எச்எஸ்ஆர், கேம் ஆக்ஸிலரேட்டர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். 60 ஹெர்ட்ஸ் 4கே பேனலில் இரண்டிரண்டு வரிகளை ஒன்றாக இயக்கி 120 ஹெர்ட்ஸ் கொண்டுவருவார்கள். வேகம் இரட்டிப்பாகும், மேலிருந்து கீழாக உள்ள நுணுக்கம் பாதியாகும். 2160 வரிகளுக்குப் பதில் 1080 வரிகள். இது பொய் 120 அல்ல, ஆனால் 4கே 120-உம் அல்ல. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: 4கே முழு நுணுக்கத்தோடு 120 அல்லது 144 முறை புதுப்பிக்கும் பேனல். விவரப் பட்டியலில் "நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாவிட்டால், அல்லது 60 என்று இருந்தால், ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள்.

நொடிக்கு 120 பிரேமில், அதாவது 120 படங்களில், ஓடும் கேம்கள் குறைவுதானே, எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றலாம். உண்மையில் பட்ஜெட்காரருக்கு 120 பேனலின் பெரிய லாபம் 40 பிரேமில்தான் இருக்கிறது. நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 33.3 மில்லி நொடி. 60 என்றால் 16.7. இரண்டுக்கும் சரி நடுவே 25 மில்லி நொடி வருகிறது, அதுதான் 40 பிரேம். 120-ஐ 40 சரியாக வகுக்கும். ஒவ்வொரு படமும் மூன்று முறை காட்டப்படும், திக்கல் இல்லை. 60-ஐ 40 வகுக்காது. அதனால் 60 ஹெர்ட்ஸ் டிவியில் இந்த வசதியே கிடைக்காது. 2021-இல் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமுக்கு இந்த 40 பிரேம் மோட் வந்தது, பிறகு வேறு பல பிஎஸ்5 கேம்களிலும் வந்தது. உயர்ந்த கிராஃபிக்ஸை விட்டுக்கொடுக்காமல் கை அசைவு இலகுவாவதை ஒருமுறை பார்த்தவர்கள் 30-க்குத் திரும்ப மாட்டார்கள்.

அடுத்து எச்டிஎம்ஐ, அதாவது கன்சோலை டிவியோடு சேர்க்கும் இணைப்பு. "2.1 இருக்கா?" என்று விற்பனையாளரிடம் கேட்டால் "இருக்கு சார்" என்ற பதில் வரும். அவர் பொய் சொல்லவும் இல்லை. 2.1 விதிமுறையில் வரும் வசதிகள் பலவும் கட்டாயமல்ல. 4கே 60-க்கு மேல் வாங்காத டிவி கூட, ஏஎல்எல்எம் (கேம் தொடங்கியதும் டிவி தானே கேம் மோடுக்கு மாறுவது) என்ற ஒரே ஒரு வசதியை வைத்துக்கொண்டு 2.1 என்று போட்டுக்கொள்ளலாம். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "எந்த போர்ட்டில் 4கே 120 வாங்கும்?" பழைய 2.0 இணைப்பில் நொடிக்கு 18 ஜிகாபிட் தரவு போகும். 4கே எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் நன்றாக வேறுபட்டுத் தெரியும் படம்) 120-க்கு அது போதாது. பிஎஸ்5 அதிகபட்சம் 32 ஜிகாபிட், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40 ஜிகாபிட் அனுப்பும். எனவே 48 ஜிகாபிட் முழுதாக இல்லை என்பதற்காக ஒரு டிவியை ஒதுக்க வேண்டாம். 40 இருந்தால் இரண்டு கன்சோலுக்கும் தாராளம்.

இந்த விலையில் வரும் டிவிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் 4கே 120 வாங்குவது பெரும்பாலும் இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் இஆர்க் போர்ட்டாகவும் இருந்துவிட்டால் வீட்டில் சண்டை. சோனி எக்ஸ்90எல்லில் அப்படித்தான்: 3, 4 இரண்டும் வேகமானவை, இஆர்க் 3-இல். சவுண்ட்பார் மாட்டினால் ஒரு கன்சோலுக்குத்தான் இடம். டிசிஎல் மினி எல்இடி மாடல்கள் பலவற்றில் வேகமான போர்ட்டுகள் 1, 2. இஆர்க் வேறு போர்ட்டில் தனியாக. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் வைத்திருப்பவருக்கு இந்தச் சின்ன வித்தியாசமே டிவியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் சவுண்ட்பாரை ஆப்டிகல் வயரில் இணைத்து போர்ட்டை விடுவிக்கலாம். மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் போய்விடும், டால்பி டிஜிட்டல் 5.1 கிடைக்கும்.

கன்சோல் எதுவோ அதற்கேற்பத்தான் செலவு. பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் இரண்டுக்கும் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருந்தால் 4கே 120 டிவிக்காகச் செலவை நீட்ட வேண்டாம். அது கேம்களை 1440பி-யைக் (4கே-யை விடக் குறைந்த, 1440 வரி நுணுக்கம்) குறிவைத்து ஓட்டும் பெட்டி. டிவி 1440பி 120 வாங்கினாலே அதன் முழுத் திறன் வெளியே வந்துவிடும், டிஎல்ஜி டிவி கூட இங்கே மதிப்புள்ள வாங்கல். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ம், டிவியோடு இணைக்கும் டாக்கில், 4கே என்றால் 60, 120 வேண்டும் என்றால் 1440பி அல்லது 1080பி; விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகமும் மாறுவது) டிவியில் இல்லை, கையில் வைத்து ஆடும்போது மட்டும்தான். இந்த இரண்டுக்கும் 1440பி சிக்னலை டிவி ஏற்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. மலிவான டிவிகளில் சில ஏற்பதில்லை.

விஆர்ஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. பெட்டியில் "ஃப்ரீசிங்க்" (ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறை) என்று மட்டும் இருந்தால் எக்ஸ்பாக்ஸுக்குப் போதும், பிஎஸ்5-க்குப் போதாது. பிஎஸ்5 எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆரை மட்டுமே ஏற்கும், 48 முதல் 120 வரை. 60 ஹெர்ட்ஸ் பேனலில் எழுதியிருக்கும் விஆர்ஆர் 48-க்கும் 60-க்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில்தான் வேலை செய்யும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

பேனல் விஷயத்தில் கடைக்காரர்கள் க்யூஎல்இடி என்ற சொல்லைத்தான் முன்னே வைப்பார்கள். அது நிறத்தைக் கூட்டும், கறுப்பைக் கறுப்பாக்காது. கறுப்பு விஏ என்ற வகைப் பேனலிலிருந்தும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங்கிலிருந்தும் வருகிறது. விஏ-யில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000-க்கு 1, அதற்கு மேலும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் 1000-க்கு 1 அளவில் நின்றுவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஆடும் வீட்டுக்கு விஏ. நான்கு பேர் பக்கவாட்டில் உட்கார்ந்து ஃபுட்பால் ஆடும் வீட்டுக்கு ஐபிஎஸ். விஏ-யை ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். மலிவான விஏ-யில் இருண்ட காட்சிகள் நகரும்போது பின்னால் மசி இழுத்தது போல நிழல் தெரியும். கருப்பிலிருந்து சாம்பலுக்கு மாற அந்தப் பேனல் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம்; எந்த செட்டிங்கும் அதை முழுதாகச் சரிசெய்யாது.

எச்டிஆரும் இதோடு சேர்ந்ததே. 300 நிட்ஸ் வெளிச்ச அளவில், லோக்கல் டிம்மிங் இல்லாத டிவியில் எச்டிஆர் சின்னம் திரையில் வரும், படம் மட்டும் மங்கலாக இருக்கும். அங்கே கன்சோலில் எச்டிஆரை அணைத்துவிட்டு ஆடுவதே அழகு. டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகைக்காக பிஎஸ்5 காரர் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை, அந்தக் கன்சோல் எச்டிஆர்10 வகையை மட்டுமே தரும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் டால்பி விஷன் கேமிங் உண்டு.

எந்த அளவு? 55 அங்குலத் திரைக்கு 7 அடி தூரம் பொருத்தம், 43-க்கு 6 அடிக்குள். சோபா 8 அடியில் இருக்கும் வீட்டில் 43 அங்குல 4கே வாங்கினால் அந்த நுணுக்கம் கண்ணுக்கு எட்டாது. இன்னொரு பொறி: ஒரே மாடல் பெயரில் 55, 65 அங்குலங்களுக்கு 120 ஹெர்ட்ஸ் பேனலும் 43, 50 அங்குலங்களுக்கு 60 ஹெர்ட்ஸும் போடுவது வழக்கமாக நடக்கிறது. விமர்சனம் எந்த அளவுக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் சின்ன அளவை ஆர்டர் செய்யாதீர்கள். மேசையில் உட்கார்ந்து தனியாக ஆடுபவர் என்றால் டிவியே வேண்டாம். 27 அங்குல 1440பி மானிட்டர் பாதி விலையில் நல்ல வேலை செய்யும்.

பணத்தை மிச்சப்படுத்த நாங்கள் உறுதியாகப் பரிந்துரைக்கும் வழி போன வருட மாடல். மாடல் எண்ணிலேயே வருடம் இருக்கிறது. சோனியில் ஜே 2021, கே 2022, எல் 2023. சாம்சங் க்யூஎல்இடி வரிசையில் பி 2022, சி 2023, டி 2024. ஹைசென்ஸில் கே 2023, என் 2024, க்யூ 2025. எல்ஜி ஓஎல்இடி சி3 என்றால் 2023, சி4 என்றால் 2024. கேமிங்குக்குத் தேவையான அம்சங்கள் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு வருடப் பழைய நடுத்தர மாடல் இந்த வருடத்து அடிமட்ட மாடலை எளிதாக வெல்லும். வரியையும் கணக்கில் எடுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 50,000 என்றால் 64,000 ஆக இருந்தது 59,000 ஆக வேண்டும். பழைய ஸ்டாக்கில் பழைய எம்ஆர்பி ஒட்டியிருந்தால் அதிலிருந்து கழித்துக் காட்டும் "தள்ளுபடி"யை அப்படியே நம்பாமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டிவி வீட்டுக்கு வந்ததும் சோதனையை அன்றே முடியுங்கள். மாற்றித்தரும் கெடு சில நாட்கள்தான். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள். கன்சோலோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளையே மாட்டுங்கள், பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் வருவது அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள். போர்ட்டின் அருகே "4கே 120" என்று அச்சடித்திருக்கும் இடத்தில் செருக வேண்டும். அடுத்து பலரும் தவறவிடும் படி: டிவி மெனுவில் அந்த போர்ட்டின் சிக்னலைத் திறந்துவிடுவது. சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "எச்டிஎம்ஐ டீப் கலர்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மேட்". இது அணைந்திருந்தால் 70 ஆயிரம் ரூபாய் டிவியும் 60 ஹெர்ட்ஸில்தான் ஓடும். பிறகு கேம் மோட். அது இல்லாமல் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் பல டிவிகளில் 50 முதல் 100 மில்லி நொடி வரை தாமதம்; கேம் மோடில் 10 முதல் 20.

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் வழியாகப் போய் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். கேம் பிரீசெட்டில் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில கேம்கள் 120-க்குப் போகாது. 120 உள்ள கேம் ஓடும்போது வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷனைத் திறந்து பாருங்கள்: 2160பி, 120 ஹெர்ட்ஸ் என்று வர வேண்டும். பக்கத்தில் 4:2:2 (நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று இருந்தால் பழுது அல்ல. 32 ஜிகாபிட்டுக்குள் அடக்க பிஎஸ்5 அப்படித்தான் அனுப்பும். எக்ஸ்பாக்ஸில் "4கே டிவி டீடெய்ல்ஸ்" பக்கம் எது முடியும், எது முடியாது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். டிஎல்ஜி சந்தேகம் இருந்தால் எக்ஸ்பாக்ஸ்தான் நல்ல சோதனைக்கருவி. 120 போட்டதும் முகப்புப் பக்கமே 120-இல் ஓடும். சின்ன எழுத்துகளின் கிடைக்கோடுகள் தடித்து, விளிம்பு பல் பல்லாகத் தெரிந்தால் வரிகள் பாதியாகிவிட்டன.

திரை நொடி நேரம் கறுத்து மீண்டும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. வீடு கட்டும்போது சுவருக்குள் பதித்த 10 மீட்டர் பழைய கேபிளில் 4கே 120 போகாது. 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தேவை என்றால் ஃபைபர் எச்டிஎம்ஐ. கேபிளை மாற்றும்வரை பிஎஸ்5-இல் "4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்"டை மைனஸ் 1 அல்லது மைனஸ் 2-க்கு இறக்கினால் படம் நிலைக்கும். விஆர்ஆர் போட்டதும் இருண்ட காட்சிகள் துடித்தாலோ, சில டிவிகளில் நடப்பது போல லோக்கல் டிம்மிங் நின்று கறுப்பு சாம்பலானாலோ, பிரேம் சீராக ஓடும் கேம்களுக்கு விஆர்ஆரை அணைத்துவிட்டு ஆடுங்கள். 40 பிரேம் மோடுக்கு அது தேவையே இல்லை.